கடைசி நெடில்

சுவரில் மாட்டியிருந்த பெட்டியின் பாட்டில் கடைசி நெடில் கொஞ்சம் கூடுதலாக இழுத்தது.

அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஊலிபீகா கவனித்தாள். அந்தச் சின்ன விமான ஓடுதளத்து ரேடியோ அறையில் அவள் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள்; காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை அந்தப் பெட்டி அவள் காதில் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கும். நெடில், குறில், நெடில், நெடில். ஒரு மூச்சு விடுகிற நேரம். குறில், குறில், நெடில். பிறகு மறுபடி முதலிலிருந்து. கடற்கரையோரக் கொட்டகையில் இருக்கும் பீக்கன், வானத்தில் வருகிறவர்களுக்கு மோர்ஸ் ஒலியில் தன் பெயரைச் சொல்லி, ஊர் இங்கே இருக்கிறது, இங்கே இருக்கிறது என்று கூப்பிடும் பாட்டு அது. அதை அனுப்புவது ஒரு பல்சக்கரம். பல்சக்கரத்துக்கு ஆசாபாசம் கிடையாது. ஒரு ஒலியை நீட்டவோ குறுக்கவோ அதற்குத் தெரியாது.

தேநீர்க் கோப்பையை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்திக்கொண்டு அடுத்த சுற்றுக்காகக் காத்திருந்தாள். வந்தது. சரியாகத்தான் வந்தது. அதற்கடுத்ததும் சரி. பெட்டிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பீக்கன் உயிரோடு இருந்தால் பச்சை, செத்தால் சிவப்பு. 'வயசாகிறது, காதும் சேர்ந்து ஆகிறது' என்று தன்னையே கேலி செய்துகொண்டு தேநீரைக் குடித்தாள்.

மணி ஒன்று. மணிக்கொரு தடவை பீக்கனை ஒரு முழு நிமிஷம் காதால் கேட்டு, பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. அவள் பேனாவை எடுத்து, 'சரி' என்று எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் நிமிஷம் முடியவில்லை என்பது உறைத்தது. அந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு 'சரி' எழுதுவது அவளுக்குப் புதிதல்ல. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. நவம்பர் கடைசியில் சூரியன், வடதுருவத்தை ஒட்டிய அந்த ஊருக்கு முகத்தைக் காட்டிவிட்டு ஓடிவிடும். மேகம் மலை இடுப்பு வரை இறங்கி, தரையில் பனித்தூள் காற்றோடு ஓடி, ஓடுதள விளக்குகள் பத்தில் நான்குதான் தெரிந்தன. அறைக்குள் மண்ணெண்ணெய் அடுப்பின் வாசனை, பானக் ரொட்டி வாசனை, ஈரக் கையுறை காயும் வாசனை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை விமானம். அதில் அவள் மகள் லீத்தியா வருகிறாள். இக்கலூயிட் ஆஸ்பத்திரியில் பெற்ற பன்னிரண்டு நாள் ஆண் குழந்தையை முதுகில் போட்டுக்கொண்டு வருகிறாள். குழந்தைக்கு இன்னும் பெயர் இல்லை.

பெயர் இல்லாததற்குக் காரணம் ஊலிபீகாதான். முந்தின நாள் தொலைபேசியில்கூடச் சண்டை.

"அம்மா, மாமா பேரு ரெண்டு வருஷமா யாருக்கும் வெக்காம கெடக்கும்மா. நேத்தும் கனவுல வந்தாரு. தண்ணி குடு, தண்ணி குடுன்னு கேக்கறாரு."

"வேற பேரு வை."

"செத்தவங்க கனவுல வந்து தண்ணி கேட்டா என்னன்னு உனக்குத் தெரியாதா? பேரைத்தான் கேக்கறாரு. ஊர்ல எல்லாரும் உன் வாயைத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க. நீ ஒரு வார்த்தை சொல்லு."

"உடம்பு கெடைக்கட்டும், அப்புறம் பாப்போம்."

"கடல்ல போனது கெடைக்குமாம்மா?"

"வேணாம்னா வேணாம்டி!"

சிமியோனி அவளுக்கு இரண்டு வயது மூத்த அண்ணன். பெயர் எங்கே போகிறதோ ஆளும் அங்கே வந்துவிட்டமாதிரி; சிமியோனி என்று பெயர் வைத்துவிட்டால் அந்தக் குழந்தை அவளுக்குப் பேரனில்லை, அண்ணன். தொட்டிலைக் குனிந்து பார்த்து 'அண்ணா' என்றுதான் கூப்பிட வேண்டும். ஊரில் எத்தனையோ பேர் அப்படிக் கூப்பிட்டுச் சந்தோஷமாக இருக்கிறார்கள். அவளால் முடியாது. அந்தக் கண்களை நேருக்கு நேர் பார்க்க அவளுக்குப் பயம்.

ஒன்றேகாலுக்கு விளக்குகள் ஒருமுறை மங்கி மீண்டன. பெட்டிக்குப் பக்கத்தில் பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது.

அவள் எழுந்து நின்றாள். பாட்டு நிற்கும் என்று காத்திருந்தாள். நெடில், குறில், நெடில், நெடில். குறில், குறில், நெடில். நிற்கவில்லை. பீக்கன் செத்துவிட்டது என்கிறது விளக்கு, உயிரோடிருக்கிறது என்கிறது ஒலி. ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. விளக்கைத் தட்டிப் பார்த்தாள். சிவப்புதான்.

வாக்கி-டாக்கிக் கருவியை எடுத்து ஐபிலியைக் கூப்பிட்டாள். ஓடுதளத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன், அவளுக்குச் சித்தி மகன்.

"ஐபிலி, பீக்கன் விளக்கு சிவப்பாயிடுச்சு. கொட்டகைக்குப் போய் ஒரு பார்வை பாத்துட்டு வா."

"இந்தக் காத்துலயா? உன் பேரனுக்கு ஓடுதளம் வழிச்சுக் குடுக்கணுமா, இல்ல உன் விளக்குக்குச் சேவகம் பண்ணணுமா?"

"ரெண்டும் பண்ணு. உனக்குத்தான் சம்பளம் குடுக்கறாங்களே."

"ஒரு ரொட்டி எடுத்து வை," என்றுவிட்டு வண்டியைத் திருப்பினான். அதன் மஞ்சள் விளக்கு பனிக்குள் சுற்றிச் சுற்றிப் போய் மறைந்தது.

ரேடியோவில் கப்டன் க்ரீலியின் குரல் வந்தது. நியூஃபவுண்ட்லாந்துக்காரர். பத்து வருஷமாக இந்தக் கரையில் விமானம் ஓட்டுகிறார்; வாய் மூடாத மனிதர்.

"ஊலி அக்கா, நல்லாருக்கீங்களா? இருபத்தஞ்சு நிமிஷத்துல வந்துடுவோம். உங்க பேரன் ஏறினதுலேர்ந்து ஒரே கத்தல். ரெண்டு என்ஜினும் சேந்து தோத்துப்போச்சு."

"எங்க வம்சமாச்சே, தொண்டை அப்படித்தான் இருக்கும். கப்டன், பீக்கனுக்குச் சிவப்பு விளக்கு வந்திருக்கு. ஆளு அனுப்பியிருக்கேன்."

"அப்படியா? இங்க நல்லா கேக்குதே. முள்ளும் நேரா மூக்குக்கு முன்னாடி நிக்குது. உங்க விளக்குதான் ஃப்யூஸ் போயிருக்கும்."

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே அந்த நிம்மதியின் முகம் அடையாளம் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரியிலும் இப்படித்தான் நிம்மதியாக இருந்தாள்.

க்ரீலிக்கு அந்த முள்தான் எல்லாம். காந்த துருவம் பக்கத்திலேயே இருப்பதால் இந்த வட்டாரத்தில் காந்தத் திசைகாட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிடும். ரேடாரும் கிடையாது; செயற்கைக்கோள் வழிகாட்டி இன்னும் வராத காலம். பீக்கனின் ஒலி எங்கிருந்து வருகிறதோ, விமானத்துக்குள் இருக்கும் முள் அந்தப் பக்கம் திரும்பி நிற்கும்; அதைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தால் ஊர் வரும். ஆனால் முள் ஒரு வெகுளி. எந்த ஒலி பலமாக இருக்கிறதோ அதைப் பார்க்கும். பொழுது சாய்ந்தால் தடுமாறும், கடற்கரையைத் தாண்டும்போது கோணும், இடி இடித்தால் இடியைப் பார்க்கும். தெற்கே பெரிய நிலையங்களில் இருக்கிற கருவிகள் பழுதானால் தாமே சிவப்புக் கொடி காட்டும். இந்த முள்ளுக்குக் கொடியும் இல்லை. பீக்கன் செத்துப்போனால் கடைசியாகப் பார்த்த இடத்தையே பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும். அதனால்தான் விமானி அந்தப் பாட்டைக் காதோரம் ஓடவிட்டுக்கொண்டே வருவார். பாட்டு கேட்கிறவரை பயமில்லை.

சிமியோனிக்கும் அந்தப் பாட்டுதான் வழித்துணை. பீக்கனைப் பராமரித்தவன் அவன். உறைந்த கடல் மேல் சீல் வேட்டைக்குப் போகும்போது சறுக்கு வண்டியில் ஒரு பழைய ரேடியோவை வைத்துக்கொள்வான். பனிமூட்டம் கவிந்து வானமும் தரையும் ஒன்றாகிவிட்டால் அதைக் கையில் வைத்து மெல்லத் திருப்புவான். திருப்பத் திருப்ப ஒலி தேய்ந்து, ஓரிடத்தில் அடங்கிப்போகும். அடங்கும் கோட்டில்தான் ஊர். மௌனத்தைப் பார்த்து வண்டியை விட்டால் வீட்டுக்கு வந்து சேரலாம்.

அந்தப் பிப்ரவரியில் ஊலிபீகாவுக்குத் தலைவலி. காலையில் பெட்டியின் திருகைச் சத்தமே கேட்காதபடி குறைத்து வைத்தாள். விளக்கு அப்போது கிடையாது. அதற்குப் பிறகுதான் வைத்தார்கள். எட்டு மணிக்குச் சரி, ஒன்பதுக்குச் சரி, பத்துக்குச் சரி, பதினொன்றுக்குச் சரி என்று காதால் கேட்காமலே எழுதினாள். பன்னிரண்டுக்குத் திருகைத் திறந்தபோது உள்ளே வெறும் இரைச்சல். நான்கு மணி நேரமாகவே பீக்கன் செத்துக் கிடந்திருக்கலாம். வெளியே வெள்ளைக் கும்மிருட்டு. விசாரிக்க வந்தவர்கள் பதிவேட்டைப் பார்த்து, பீக்கன் நின்றது பன்னிரண்டுக்குத்தான் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் பனித்தட்டு முடிந்து திறந்த கடல் தொடங்குகிற விளிம்பில் அந்த ரேடியோ மட்டும் கிடைத்தது. பாட்டரி தீர்ந்திருந்தது. அதன் திருகு முழுவதும் திறந்திருந்தது.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பான். எல்லாப் பக்கமும் மௌனம். எல்லாப் பக்கமும் ஊர்.

"ஊலி." ஐபிலியின் குரல். பின்னால் காற்று ஊளையிட்டது. "கொட்டகைக்குள்ள நிக்கறேன். மின்கம்பி அறுந்து கெடக்கு. பீக்கன் செத்துப்போச்சு. தொட்டுப் பாத்தேன், சூடே இல்ல. கால்மணி நேரமாச்சும் ஆகியிருக்கும்."

"இங்க சத்தம் வருது."

"எங்க வருது?"

அவள் கருவியைப் பெட்டியருகே பிடித்து ஒரு முழுச் சுற்றையும் கேட்கவைத்தாள். நெடில், குறில், நெடில், நெடில். குறில், குறில், நெடி—ல்.

"கடைசில ஏன் அப்படி இழுக்குது?" என்றான் ஐபிலி. கேலி செய்கிற குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் பல்சக்கரம் உடைந்து, புதுசு வருகிறவரை மூன்று நாள் சிமியோனி கொட்டகையில் உட்கார்ந்து கையாலேயே அடித்தான். ஒவ்வொரு சுற்றிலும் கடைசி நெடிலை அழுத்தி இழுப்பான். ஏன் என்று கேட்டால், "கூப்பிடறப்போ கடைசியில இழுத்துத்தானே கூப்பிடுவோம்?" என்பான். மூன்று நாளும் ஊரே சிரித்தது.

"அவசர ஜெனரேட்டரைப் போடு," என்றாள். "ஐபிலி, சீக்கிரம் போடு."

"போடறேன். கைப்பிடி உறைஞ்சு கெடக்கு." கொஞ்சம் தயங்கினான். "நீ அந்தப் பெட்டிகிட்ட நிக்காத."

அவள் ஏற்கெனவே அதனருகில்தான் நின்றாள். மண்ணெண்ணெய் வாசனைக்கும் ரொட்டி வாசனைக்கும் அடியில் வேறொரு வாசனை இருந்தது. உப்பு. பனித்தட்டின் விளிம்பில் குனிந்தால் வருமே, கறுப்புத் தண்ணீரின் பச்சை வாசனை. பெட்டியின் முகத்துத் துணி நனைந்திருந்தது. விரலால் தொட்டாள். நாக்கில் வைத்தாள். கரித்தது.

மைக்கைப் பிடுங்கினாள். "கப்டன், பீக்கன் செத்துப்போச்சு. நீங்க கேக்கறது எங்களோடது இல்ல. முள்ளை நம்பாதீங்க."

"அக்கா, பெயர் தெளிவா கேக்குது. உங்க ஊர் பெயர்தான். இந்த மாதிரி சுத்தமா நான் கேட்டதே இல்ல."

"அது எங்களோடது இல்ல!"

"அப்ப யாரோடது?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொன்னாலும் அவர் நம்பப்போவதில்லை. ரேடியோ அறைக்காரிக்கு விமானியை அப்படி ஓட்டு, இப்படித் திருப்பு என்று உத்தரவிடும் அதிகாரமும் கிடையாது. தகவல் சொல்லலாம், அவ்வளவுதான். பெயர் காதில் கேட்கிறவரை பீக்கனை நம்பு என்று பழகிய மனிதர் அவர். விமானத்தில் எரிபொருளும் அளவாகத்தான் இருக்கிறது. நம்பக்கூடாது என்றால் வேறு எதை நம்புவார்?

அப்போது விமானத்தின் சத்தம் கேட்டது. மேகத்துக்கு மேலே, கூரைக்கு நேராக. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினாள். பனித்தூள் முகத்தில் அறைந்தது. சத்தம் ஊரைத் தாண்டியது. நிற்கவில்லை, திரும்பவில்லை, கடலைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டே இருந்தது, தேய்ந்து, தேய்ந்து. பிறகு காற்று மட்டும்.

உள்ளே ஓடிவந்தாள்.

"கப்டன்! எங்க தலைக்கு மேல போயிட்டீங்க. கடலுக்குப் போறீங்க. திரும்புங்க!"

"காத்துல சத்தம் அங்கயும் இங்கயும் கேக்கும் அக்கா. முள்ளு இன்னும் முன்னாடிதான் நிக்குது. ஆடவே இல்ல." அவர் குரல் விசித்திரமாக அமைதியாக இருந்தது. பின்னால் குழந்தை வீறிடுவது கேட்டது. லீத்தியா ஏதோ தாலாட்டுவதும் கேட்டது. "இதோ... முள்ளு திரும்புது. பீக்கனைத் தாண்டிட்டேன். ஒரு சுத்து சுத்தி இறங்கறேன்."

"இறங்காதீங்க!"

"விளக்கு தெரியுது. மங்கலா. வரிசையா."

அங்கே விளக்கே கிடையாது. அங்கே பனித்தட்டு முடிகிறது.

வாக்கி-டாக்கியில் ஐபிலி மூச்சு வாங்கினான். "ஓடிடுச்சு! ஊலி, ஜெனரேட்டர் ஓடிடுச்சு. பீக்கன் வந்துடுச்சு பாரு!"

சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது. பெட்டிக்குள் இப்போது இரண்டு பாட்டு. ஒன்று பல்சக்கரத்தின் பாட்டு, சுத்தம், அளவு, தூரம். மற்றது அதன் மேலேறி உட்கார்ந்திருந்தது. பலமாக. பக்கத்தில். நெடில், குறில், நெடில், நெடில். குறில், குறில், நெடி—ல். துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பதிவேட்டின் மேல் விழுந்தது. அவள் எழுதிய 'சரி'யின் மேல்.

முள் வெகுளி. பலமான ஒலியைத்தான் பார்க்கும்.

"ஆயிரம் அடி," என்றார் க்ரீலி.

ஊலிபீகா மைக்கை அழுத்தினாள். தன் மொழியில் பேசினாள். விமானிக்கு அந்த மொழி தெரியாது. அவள் விமானியிடம் பேசவில்லை.

"அண்ணா. நாந்தான். அன்னைக்கு நான் கேக்கல அண்ணா. திருகைக் குறைச்சு வெச்சிருந்தேன். தலைவலி. நாலு மணி நேரம் கேக்காமலே சரின்னு எழுதினேன். நீ அங்க நின்னு தேடியிருக்கே. நாந்தான் உன்னைக் கொன்னேன். என்னை என்ன வேணா பண்ணு. என் பொண்ணை விட்டுடு."

பாட்டு நிற்கவில்லை. இன்னும் நெருங்கியது. பெட்டிக்குள்ளிருந்து அல்ல. பெட்டிக்கு முன்னாலிருந்து. அவள் முகத்துக்கு எதிரிலிருந்து.

"அக்கா, என்ன சொல்றீங்க? புரியல. எண்ணூறு."

தண்ணி குடு, தண்ணி குடுன்னு கேக்கறாரு என்று லீத்தியா சொன்னது நினைவுக்கு வந்தது.

அவளுக்குப் புரிந்தது. இரண்டு வருஷமாகப் புரிந்தேதான் இருந்தது. அவனுக்கு அவள் மன்னிப்பு வேண்டியதில்லை. அவள் உயிரும் வேண்டியதில்லை. வீட்டுக்கு வர வேண்டும்.

"கப்டன், என் பொண்ணுகிட்ட சொல்லுங்க. குழந்தைக்குப் பேரு சிமியோனி. இப்பவே சொல்லுங்க."

"இப்பவா? அக்கா, எறங்கிட்டிருக்கேன்..."

"உங்க துணை விமானி திரும்பிக் கத்தினாப் போதும். சிமியோனின்னு கூப்பிடச் சொல்லுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்!"

க்ரீலியின் மைக் திறந்தே இருந்தது. யாரோ கத்துவது கேட்டது. குழந்தையின் அழுகை. லீத்தியாவின் குரல், என்ன, என்ன என்று. மறுபடி கத்தல். பெட்டியில் நெடில், குறில், நெடில், நெடில். லீத்தியாவின் குரல், மெல்ல, குனிந்து சொல்வது: சிமியோனி. குறில். குறில்.

நின்றது.

கடைசி நெடில் வரவில்லை.

அழுகையும் நின்றது. அதே கணத்தில்.

பெட்டியில் பல்சக்கரம் மட்டும் தூரத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"முள்ளு திரும்புது," என்றார் க்ரீலி. குரல் உடைந்திருந்தது. "முள்ளு பின்னாடி... ஐயோ. கீழ தண்ணி. தண்ணி! ஏறறேன். ஏறறேன்."

என்ஜின்கள் ரேடியோவுக்குள் அலறின. ஊலிபீகா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு க்ரீலி, எழுதிவைத்ததை வாசிப்பவரைப் போல, உயரம் மூவாயிரம், முள் நேரே முன்னால், பதினோரு மைல் தள்ளிப் போயிருந்தோம், எல்லாரும் பத்திரம் என்றார். அவள் காற்றின் வேகத்தையும் ஓடுதளத்தின் நிலையையும் சொன்னாள். கேட்கிறவர்களுக்கு அவள் குரல் எப்போதும் போலத்தான் இருந்திருக்கும்.

இருபது நிமிஷத்தில் விமானம் தரையைத் தொட்டது. ஐபிலியின் வண்டி மஞ்சள் விளக்கோடு அதை அழைத்துக்கொண்டு வந்தது. க்ரீலி உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். எதுவும் பேசாமல் அடுப்பருகே உட்கார்ந்தார். பத்து வருஷத்தில் அவர் வாய் மூடி அவள் பார்த்தது அன்றைக்குத்தான். அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். பிழைத்துவிட்டார்கள். பெட்டியின் துணி காய ஆரம்பித்திருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தாள்.

லீத்தியா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அங்கியின் முதுகுப் பையில் குழந்தை. கண்ணெல்லாம் சிரிப்பும் ஈரமுமாக அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"கடைசில சொல்லிட்டியேம்மா. பேரைச் சொன்ன நிமிஷம் அழுகை நின்னுபோச்சு தெரியுமா? இவ்வளவு நேரம் அந்தக் கத்து கத்தினவன், சட்னு. அப்பலேர்ந்து கண்ணே மூடல. முழிச்சுக்கிட்டே வந்தான்."

"பாலு குடிச்சானா?"

"வேணாம்கறான். தண்ணிக்குத்தான் நாக்கை நீட்டறான். பிடி, பிடி. உன் அண்ணனைப் பிடி."

முதுகுப் பைக்குள், தாயின் சூட்டில் கிடந்த குழந்தை சில்லென்று இருந்தது. அவள் கையில் வாங்கினாள். பால் வாசனை இல்லை. உப்பு வாசனை வந்தது. பன்னிரண்டு நாள் குழந்தைக்குப் பார்வை எங்கும் நிலைக்காது என்பார்கள். அது அவள் தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்தது. அங்கே பெட்டி இருந்தது. பெட்டியின் திருகு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லத் தலையைத் திருப்பி, அவளைப் பார்த்தது.

"கூப்பிடும்மா," என்றாள் லீத்தியா.

"அண்ணா," என்றாள் ஊலிபீகா.

ஈரமான சின்னக் கை ஒன்று துணிக்குள்ளிருந்து வெளியே வந்தது. தேடியது. அவளுடைய வலது கட்டைவிரலைக் கண்டுபிடித்தது. திருகைத் திருப்பிய விரல். பிடித்தது.

ஒரே ஒரு அழுத்தல். நெடில்.

அவள் எண்ணினாள். ஒரு நொடி. இரண்டு. மூன்று. விரல் வெளுத்தது. நகக்கண் நீலமாயிற்று. லீத்தியா அங்கியைக் கழற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக் கதை எதையோ சொல்லிச் சிரித்தாள். க்ரீலி தேநீரை ஊதிக் குடித்தார். கடிகாரத்தில் பெரிய முள் ஒரு நிமிஷம் நகர்ந்தது, இன்னொரு நிமிஷம் நகர்ந்தது.

பிடி இன்னும் விடவில்லை.